மூடியைத் திறந்தால் ஓடுகிற வண்டி

அப்பாவின் வண்டி வழியில் நின்றுபோகிற விஷயத்தை எனக்குச் சொன்னது அம்மாதான், அப்பா இல்லை. கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம். போனில், "உங்கப்பா இன்னைக்கும் வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாங்கம்மா, கேட்டா ஒன்னுமில்லன்னு சொல்றாங்க" என்றார். அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. வண்டி 2008-இல் வாங்கிய நூறு சிசி பைக். மன்னார்குடி பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு பஸ் எப்போதோ ஒன்றுதான். பேங்க், மருந்துக்கடை, உரக்கடை எல்லாமே அவருக்கு அந்த வண்டியில்தான்.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போவதற்குள் நிறைய நடந்திருந்தது. பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவியாயிற்று. 2,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அடுத்து பிளக்கில் பொறி வரவைக்கிற இக்னிஷன் காயில், அதிலும் சரியாகவில்லை என்றால் புது கார்புரேட்டர் என்று முடிவாகி, அப்பா அதற்கும் பணம் எடுத்து வைத்திருந்தார். இத்தனைக்கும் பெட்ரோல் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று யாரும் பார்க்கவே இல்லை. இதே மாதிரி வண்டி வைத்திருக்கிற இன்னொருவர் தேவையில்லாமல் கார்புரேட்டர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைத் தொடாமல் அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. நாலைந்து கிலோமீட்டர், வாய்க்கால் பாலம் வரைக்கும் நன்றாகப் போகிறது. அப்புறம் இழுவை குறைந்து, பெட்ரோல் தீர்ந்துபோன மாதிரி தடுமாறி நின்றுவிடுகிறது. ரிசர்வில் போட்டாலும் பயனில்லை. பத்து நிமிடம் மரத்தடியில் நிறுத்தி வைத்தால் மறுபடி கிளம்புகிறது, ஆனால் மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் தெரிவதில்லை. கடைசியாக, பெரிய விஷயமில்லை என்பது போல இன்னொன்றும் சொன்னார்: "டேங்க் ரொப்புன அன்னைக்குத்தாம்மா சீக்கிரமா நிக்குது, அந்த பங்க்ல ஏதோ கலக்குறான்." அதற்காக அவர் பங்கையே மாற்றி, ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போய்ப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் கடைசித் தகவல்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஓடிச் சூடான பிறகு நிற்கிற வண்டிக்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று மின்சாரம்: காயில் சூடானதும் உள்ளே விட்டுப்போய், ஆறினதும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, பெட்ரோல் போதுமான அளவு வராதது. மெக்கானிக் அண்ணன் காயிலைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை, அறிகுறி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நிற்கிற விதத்தில் வித்தியாசம் தெரியும். ஸ்பார்க் போனால் பெரும்பாலும் சுவிட்ச் அணைத்த மாதிரி டப்பென்று நிற்கும். பெட்ரோல் குறைந்தால் முதலில் இழுவை போகும், காற்றைக் குறைக்கிற சோக்கைப் போட்டால் ஒரு மூச்சு கூடுதலாக ஓடும், அப்புறம்தான் அடங்கும். அப்பா சொன்னது இரண்டாவது மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும்.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, ஒரு காலித் தண்ணீர் பாட்டில், கந்தல் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு வண்டியை நானே ஓட்டிப் போனேன். சரியாகப் பாலம் தாண்டியதும் இழுவை குறைந்தது. சோக் போட்டேன், இரண்டு தடவை குமுறிவிட்டு நின்றது. இந்த இடத்தில் எல்லோரும் செய்வது என்ன? டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது. அதைச் செய்யவில்லை. மூடியைத் தொடாமல், இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு நிமிடம் மட்டும் பொறுத்துவிட்டு, கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்குகிற கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்திப் பாட்டிலைப் பிடித்தேன். சில சொட்டுகள் விழுந்தன, அவ்வளவுதான். திருகைத் திறந்தே வைத்திருந்தும் மேலே இருந்து எதுவும் ஒழுங்காக வரவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது, டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற காக் திறந்திருக்கிறது, கிண்ணம் காலி.

இந்த ஒரு சோதனையிலேயே காயில், பிளக், ஜெட் எல்லாம் இந்தக் கோளாறின் பட்டியலிலிருந்து போய்விட்டன. ஜெட்டுகள், அதாவது பெட்ரோலை அளந்துவிடுகிற நுண்துளைப் பாகங்கள், கிண்ணத்துக்கு அப்புறம் வருபவை. கிண்ணத்துக்கே பெட்ரோல் வராதபோது ஜெட்டைக் கழுவி என்ன ஆகப்போகிறது? கோளாறு டேங்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவில்தான். அதாவது மூடி, காக், அதன் வலை, ரப்பர் பைப், கிண்ணத்துக்குள் பெட்ரோலை அளவோடு விடுகிற மிதவை ஊசி, இந்த ஐந்தில் ஒன்று.

வடிகால் திருகு திறந்தபடியே இருக்க, இப்போது மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்த நொடி கீழே பாட்டிலில் பெட்ரோல் நூல்போல் இறங்க ஆரம்பித்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வட்டமாக வெட்டிய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று அழகாகப் பொருத்தப்பட்டிருந்தது. நடுவில் ஓட்டை இல்லாத முழு வட்டம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். "அது நான் போட்டதுதாம்மா. ஐப்பசி மழையில டேங்குக்குள்ள தண்ணி போயி வண்டி நின்னுச்சு. மூடி ரப்பர் வெடிச்சிருந்துது. அதான் நல்லா இறுக்கமா வெட்டிப் போட்டேன்" என்றார். வண்டி நிற்க ஆரம்பித்தது எப்போது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அதுக்கப்புறந்தான்" என்றார்.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காகவே மூடிக்குள் ஊசித்துளை அளவில் ஒரு காற்றுவழி வைத்திருப்பார்கள். நம் பழைய நூறு சிசி வண்டிகளில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் உயரத்தில் இருக்கிறது, கார்புரேட்டர் கீழே இருக்கிறது, தன் எடையில் பெட்ரோல் இறங்குகிறது, அவ்வளவுதான் அதன் பலம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தருகிற வண்டி 5 கிலோமீட்டருக்கு சுமார் 80 மில்லி பெட்ரோல் குடிக்கும். டேங்கில் 5 லிட்டர் காலியிடம் இருந்து காற்று நுழையவே வழி இல்லை என்றால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் குறையும். கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் வளிமண்டல அழுத்தம் என்பது சுமார் 10 மீட்டர் தண்ணீரின் எடை. அதில் ஒன்றரை சதவீதம் 15 சென்டிமீட்டர் தண்ணீர். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது என்பதால் அதுவே 20 சென்டிமீட்டர் பெட்ரோல். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதானே! பெட்ரோல் ஆவியையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் பாலத்தடியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

டேங்கை நிரப்பிய அன்று ஏன் சீக்கிரம் நின்றது என்பதும் இதே கணக்கில் விடையாகிறது. நிரப்பினால் மேலே காலியிடம் ஒரு லிட்டர்கூட இருக்காது. அதே அழுத்தம் குறைய 80 மில்லி வேண்டாம், 15 மில்லியே போதும். பங்கில் யாரும் எதையும் கலக்கவில்லை. மெக்கானிக் கடையில் ஒரு குறையும் தெரியாமல் போனதற்கும் இதேதான் காரணம்: அங்கே போனதும் முதல் வேலையாக மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வண்டி அங்கேயே சரியாகிவிடும்.

சரி, ரப்பரைப் பிய்த்து எறிந்துவிட்டால் முடிந்ததா? இல்லை. அப்பா அந்த ரப்பரைப் போட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது, அந்தக் காரணம் அப்படியேதான் இருக்கிறது. மூடியின் சொந்த ரப்பர் வளையம் பதினாறு பதினேழு வருட வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அதை விட்டுவிட்டால் அடுத்த மழையில் மறுபடி தண்ணீர் இறங்கும். டவுனில் தேடி, அதே மாடலுக்கான முழு மூடியையே புதிதாக வாங்கினேன், வளையமும் காற்றுவழியும் அதிலேயே சரியாக இருக்கும் என்பதால். வாங்கியதும் அடிப்பக்கம் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தேன், காற்று வந்தது. பழைய மூடியை வைத்துக்கொள்கிறவர்கள் வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே துளையில் அடைந்திருக்கும் மண்ணைக் காற்றடித்து எடுத்தால் போதும். ஆயுத பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விடும்போது டேங்க் மூடி மேல் நேராகப் பைப்பைப் பிடிக்க விடாதீர்கள். மழையில் போகிற தண்ணீரைவிட அதில்தான் அதிகம் போகிறது.

ஐப்பசியில் உள்ளே போன தண்ணீர் சும்மா இருந்திருக்காதே. பாலத்தில் பிடித்த பெட்ரோலைத் திண்ணையில் ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்தேன். அடியில் செம்மண் மாதிரி ஒரு படிவு, அதோடு எண்ணெயில் விழுந்த தண்ணீர் போல உருண்டு உருண்டு சில துளிகள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் டேங்கின் அடியிலேயே தங்கி, தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரைக்கும் வந்துவிட்டது. எத்தனால் கொஞ்சம் ஈரத்தைத் தன்னோடு கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும், அந்தக் கலவை சாதாரணத் தண்ணீரைவிட மோசம். வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் எத்தனால்மேல் பழி போடுகிற பேச்சை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக் கோளாறுக்கும் எத்தனாலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பழைய வண்டி, பழைய ரப்பர் பைப், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பது, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் அது தொல்லைதான். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் மைலேஜும் கொஞ்சம் குறையும்.

டேங்கைக் கழற்றுகிற வேலையை வாசலில் வைத்துக்கொள்ளவில்லை. வாசலில் பொங்கல் அடுப்பு. வண்டியைக் கொல்லைப்பக்கம் வைக்கோல்போரும் இல்லாத வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டுதான் பெட்ரோலை வடித்தேன். சித்தப்பா பீடியோடு பார்க்க வந்தார், அணைத்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கிற நெருப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். இதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காக்கின் அடியில் இருக்கிற சின்னக் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே துருச்சேறு, வலை பாதி மூடியிருந்தது. டேங்கில் துரு மேலாகத்தான் இருந்தது, ஓட்டை விழுகிற அளவுக்கு இல்லை. காக்கைக் கழற்றி, அந்த வாயை அடைத்து, வெள்ளை வினிகர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் டீ டிகாஷன் மாதிரி வந்தது. பிறகு தண்ணீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றிக் குலுக்கினால் மிச்சமிருக்கிற புளிப்பு போய்விடும், அதற்கப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் நல்ல வெயில். உடனே காயாவிட்டால் மறுநாளே மெல்லிய துரு படர்ந்துவிடும். அதனால் காய்ந்ததும் கொஞ்சம் பெட்ரோலில் இன்ஜின் ஆயில் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி வடித்தேன். வினிகர் பெயின்டில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா துணியோடு பக்கத்திலேயே நின்றார்.

காக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டேங்குக்குள் காக்கிலிருந்து இரண்டு வழிகள் இருக்கும். ஒரு குழாய் உயரமாக நிற்கும், அது சாதாரண ஓட்டத்துக்கு. இன்னொன்று அடிமட்டத்தில், அதுதான் ரிசர்வ். எப்போதும் ரிசர்விலேயே போட்டு ஓட்டுகிறவர்கள் அடியில் தங்கியிருக்கிற தண்ணீரையும் துருவையும் நேராகக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறார்கள்.

கார்புரேட்டரை நான் திறந்ததற்குக் காரணம் பாலத்தில் நின்ற கோளாறு இல்லை. புது மூடி போட்ட பிறகு வண்டி டவுன் போய்த் திரும்பியது, ஆனால் ஐட்லிங், அதாவது ஆக்ஸிலேட்டரைத் திருகாதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது, சரியாக இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டால் அணைந்துவிடுகிறது, சோக்கைப் பாதி போட்டால் அணையாமல் ஓடுகிறது. சோக் போட்டால் நன்றாக ஓடுகிறது என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். ஆக்ஸிலேட்டரை எந்த அளவு திருகும்போது தொந்தரவு வருகிறது என்று பார்த்தாலே எந்தப் பாகம் என்று தெரிந்துவிடும். ஐட்லிங்கிலும் லேசாகத் திருகும்போதும் வேலை செய்வது பைலட் ஜெட். நடு அளவில் ஜெட் ஊசி (மிதவை ஊசி இல்லை). முக்கால்வாசிக்கு மேல் முறுக்கினால் மெயின் ஜெட். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரு துரும்பு போதும்.

கழற்றும் முன், ஐட்லிங்கில் பெட்ரோல், காற்று அளவைச் சரிசெய்கிற மிக்ஸர் திருகை மெதுவாக உள்ளே முழுக்கத் திருகி, எத்தனை சுற்று போனது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றே முக்கால் வந்தது. பைலட் ஜெட்டைச் சூரிய வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன், வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறைபோல் தெரிந்தது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, காற்றடித்து, மறுபடி பார்த்து, இப்படி மூன்று தடவைக்குப் பிறகு முழு வட்டம் வந்தது. தயவுசெய்து குண்டூசியோ சைக்கிள் பிரேக் வயரோ விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, இரும்பு அதைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிடும். ஒருமுறை பெரிதானால் அது வேறு அளவு ஜெட், அதற்கப்புறம் எந்தத் திருகைத் திருகினாலும் மைலேஜ் திரும்பாது. ஸ்பிரே அடிக்கும் முன் ரப்பர் வளையங்களையும் மிதவை ஊசியையும் எடுத்துவிட வேண்டும், ரப்பர் உப்பிப்போகும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளையிலிருந்து முகத்துக்கு நேராகப் பீய்ச்சும்.

மிதவை ஊசியின் நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் பெட்ரோல் நிற்காமல் ஓவர்ஃப்ளோ ஆகும். சோதிக்க எளிய வழி: கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வருகிற முனையில் சுத்தமான பைப் ஒன்றைச் செருகி ஊதினால் காற்று போகக் கூடாது. நேராகப் பிடித்தால் போக வேண்டும். எங்களுடையது நன்றாகவே இருந்தது. பைப்பை மட்டும் மாற்றினேன், வளைத்தால் வெடிப்பு தெரிந்தது.

மாட்டி, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, மிக்ஸர் திருகைக் கால் கால் சுற்றாக நகர்த்தி, இன்ஜின் வேகம் அதிகமாகிற இடத்தில் நிறுத்தி, பிறகு ஐட்லிங் திருகால் வேகத்தைக் குறைத்தேன். கடைசியில் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. ஒரு எச்சரிக்கை: திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கு, உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவைக்கு, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இது தெரியாமல் வீடியோ பார்த்துத் திருகி இன்ஜினைக் கொதிக்க வைத்தவர்கள் உண்டு.

ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது, இன்ஜெக்டர். டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கும், சாவி போட்டதும் இரண்டு நொடி 'ங்ங்' என்று கேட்கும். நின்றால் முதலில் அந்தச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அந்தப் பம்பைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கிற பெட்ரோல்தான், எப்போதும் அரை லிட்டரிலேயே ஓட்டினால் அதன் ஆயுள் குறையும். டேங்குக்குள் காற்று போக ஒரு வழி அதற்கும் வேண்டும்.

200 கிலோமீட்டர் ஓடிய பிறகு அப்பாவையே பிளக்கைக் கழற்றிப் போட்டோ அனுப்பச் சொன்னேன். முன்பு பெட்ரோல் குறைவால் வெள்ளையாக வெளுத்திருந்த நுனி இப்போது செங்கல் பழுப்பு, கலவை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வண்டி பாலத்தைத் தாண்டி, பேங்க் தாண்டி, அத்தை வீடு வரைக்கும் போய்விட்டு வருகிறது. பக்கத்து பங்கிலேயே பெட்ரோல் போடுகிறார். மாதம் ஒருமுறை கிண்ணத்து வடிகாலைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறார், போன வாரம் இரண்டு துளி தண்ணீர் இருந்ததாகச் சொன்னார். டேங்க் மடிப்பில் கைக்கு எட்டாத இடத்தில் இன்னும் துரு இருக்கிறது, சித்திரையில் போகும்போது மறுபடி கழற்ற வேண்டும்.